ஒரே தலைப்பில் வலைக் கட்டுரையும் செமினாரும்: கல்லூரிக் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

கல்லூரிகளில் இப்போது ஒரே தலைப்புக்கு இரண்டு வேலை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நாலைந்து பேர் சேர்ந்து இணையத்தில் படிக்கும்படி ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிறகு அதே தலைப்பில் வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். பெரும்பாலான குழுக்கள் கட்டுரையை முடித்த கையோடு அதையே வெட்டி ஸ்லைடில் ஒட்டிவிடுகின்றன. செமினார் சொதப்புவதற்கு முதல் காரணம் இதுதான். கட்டுரையைப் படிப்பவர் நடுவில் நிறுத்தலாம், மேலே போய் மறுபடி பார்க்கலாம், தனக்கு வேண்டிய பத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. நீங்கள் சொல்லும் வரிசையில், நீங்கள் சொல்லும் வேகத்தில் கேட்டாக வேண்டும். எனவே இரண்டுக்கும் தகவல் ஒன்றாக இருக்கட்டும். அமைப்பைத் தனித்தனியாகக் கட்டுங்கள்.

ஐந்து பேர் குழு, 800 முதல் 1,000 சொல் வரை கட்டுரை, 15 நிமிடப் பேச்சு, 5 நிமிடக் கேள்வி நேரம், கையில் இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். வெறுமனே விதிகளைச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை எடுத்துக்காட்டாக முழுக்க வைத்துக்கொள்வோம்.

தலைப்பை ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள்

‘வீராணம் ஏரி’ என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஒருவர் சோழர் வரலாற்றுக்குப் போவார், இன்னொருவர் பாசனத்துக்குப் போவார், மற்றொருவர் பறவைகளைத் தேடுவார். கடைசியில் ஐந்து துண்டுகள் மிஞ்சும். முதல் நாளே உட்கார்ந்து ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள்: ‘வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு எப்படி வந்து சேர்கிறது?’

கேள்வி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதற்கு இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில் எழுத முடிய வேண்டும். இப்படி: ‘கொள்ளிடம் ஆற்றின் கீழணையிலிருந்து வடவாறு என்ற கால்வாய் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அதைச் சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, காடாம்புலியூர் வரை பம்ப் செய்து, அங்கிருந்து குழாய் வழியே போரூருக்கு அனுப்புகிறார்கள். 2004இல் செயல்பாட்டுக்கு வந்த இந்தத் திட்டத்தின் முழு அளவு நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர்.’ முதல் நாள் எழுதும் பதிலில் பிழை இருக்கும். பரவாயில்லை, போகப் போகத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதில் கையில் இருந்தால்தான் எதை விடுவது என்று தெரியும். ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது என்பது நல்ல தகவல்தான். ஆனால் நம் கேள்விக்கு அது ஒரு வரி, அவ்வளவே. அதற்கு இரண்டு பத்தியும் மூன்று ஸ்லைடும் கொடுத்தால் தண்ணீர் சென்னைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது.

தகவல் தாள்: இங்கே நேரம் செலவிடுங்கள்

இரண்டு வாரத்தில் முதல் நான்கு நாளை இதற்கே கொடுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள் திறந்து ஆறு நெடுவரிசை போடுங்கள்: தகவல், எண் அல்லது ஆண்டு, எங்கே கண்டது, யார் சரிபார்த்தது, கட்டுரையில் எங்கே வருகிறது, ஸ்லைடில் எங்கே வருகிறது. தாளில் இல்லாத எந்த எண்ணும் கட்டுரையிலும் வரக் கூடாது, பேச்சிலும் வரக் கூடாது. இந்த ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடித்தாலே, கட்டுரையில் ஒரு எண், ஸ்லைடில் வேறு எண், பேசுபவர் வாயில் மூன்றாவது எண் என்ற அவமானம் நேராது.

ஒவ்வொரு எண்ணையும் இரண்டு இடத்தில் பாருங்கள். அந்த இரண்டு இடமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக் கூடாது. ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை இரண்டு தளத்திலும் இருந்தால் அவை இரண்டல்ல, ஒன்று. விக்கிப்பீடியாவைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அங்கே அடிக்குறிப்பில் தந்திருக்கும் மூலத்தைத் திறந்து பார்த்து, அதைத்தான் தாளில் எழுத வேண்டும். சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் கேட்டால் இல்லாத ஆய்வையும் இல்லாத புத்தகத்தையும் நம்பும்படியாகச் சொல்லிவிடும். அவற்றிடம் எதைத் தேடலாம் என்று கேளுங்கள். எண்ணை அங்கிருந்து நேராக எடுக்காதீர்கள்.

தமிழில் நீர் பற்றி எழுதும்போது பிழை அதிகம் நுழையும் இடம் அலகு. ஒரு செய்தியில் ‘சென்னைக்கு விநாடிக்கு 73 கனஅடி அனுப்பப்படுகிறது’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர்’ என்று இருக்கும். இரண்டும் முரண்படுவதாக நினைத்துக் குழுவில் சண்டை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 73 × 28.3 × 86,400 என்பது 17.8 கோடி லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 180 மில்லியன் என்றால் 18 கோடி. இரண்டும் ஒரே அளவுதான். ஒருவர் விநாடிக்குச் சொல்கிறார், இன்னொருவர் நாளுக்குச் சொல்கிறார். கட்டுரையிலும் பேச்சிலும் ஒரே அலகைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாசகர் நகரத்துக்காரர் என்றால் லிட்டரே நல்லது.

இன்னொரு பிழை இன்னும் ஆழமானது. வீராணத்தின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி, முழு நீர்மட்டம் 47.5 அடி. இதைப் பார்த்ததும் ‘ஏரியின் ஆழம் 47.5 அடி’ என்று எழுதத் தோன்றும். நிறுத்திச் சோதியுங்கள். ஏரி முழுக்க 47.5 அடி ஆழம் என்றால், 1,465 மில்லியனை 47.5ஆல் வகுக்கும்போது பரப்பு சுமார் 3.1 கோடி சதுர அடி வரும். அதாவது 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஏரி பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளமானது, சில கிலோமீட்டர் அகலமானது. கணக்கு உதைக்கிறது. காரணம், 47.5 அடி என்பது கடல் மட்டத்தை அடிப்படையாக வைத்துச் சொல்லும் நீர்மட்டம்; ஏரி அகலமானது, ஆழம் குறைந்தது. அதேபோல 1,465 மில்லியன் கனஅடி என்பது 1.465 டிஎம்சி. அவசரத்தில் ‘1,465 டிஎம்சி’ என்று எழுதிவிட்டால், மேட்டூர் அணையே 93.47 டிஎம்சிதான் என்று தெரிந்த ஆசிரியர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்.

இப்படி ஒவ்வொரு எண்ணையும் இன்னொரு எண்ணோடு மோதவிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், கேள்வி நேரத்தில் பயமே இருக்காது.

வேலையைப் பிரிப்பது

‘நீ முதல் பத்தி, நான் இரண்டாம் பத்தி’ என்று பிரிப்பதுதான் சுலபம். ஆனால் ஐந்து நடை, ஐந்து எழுத்துமுறை, ஒரே விஷயம் மூன்று முறை என்று கட்டுரை சிதறிவிடும். தகவல் சேகரிப்பில் ஐவரும் இருக்கட்டும். அதன் பிறகு எழுதுவதை இருவரிடம் விடுங்கள்: ஒருவர் முதல் வரைவை முழுமையாக எழுதுவார், மற்றவர் அதைத் திருத்தி ஒரே குரலாக்குவார். மூன்றாமவர் தகவல் தாளை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்ப்பார். நான்காமவர் வரைபடம், படம், ஸ்லைடு. ஐந்தாமவர் நேரம், அறை, புரொஜெக்டர், ஒத்திகை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வார். இந்த ஐந்தாவது வேலையை யாரும் வேலையாக மதிப்பதில்லை. ஆனால் அது இல்லாத குழுதான் அன்றைக்கு மேடையில் கேபிள் தேடிக்கொண்டிருக்கும்.

பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டு ஒதுங்கிவிடும் ஒருவர் பல குழுக்களில் இருப்பார். கோபப்பட்டுப் பயனில்லை. ‘நீயும் ஏதாவது பண்ணு’ என்பதற்குப் பதிலாக, ‘வியாழன் மாலைக்குள் வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம் பற்றி ஐந்து வரி, இரண்டு மூலம்’ என்று அளவும் தேதியும் வைத்துக் கேளுங்கள். வேலை தெளிவாக இல்லாததால் ஒதுங்குபவர் அதன் பிறகு வந்துவிடுவார். அப்போதும் வராதவரைப் பற்றி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நியாயம்.

கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பித் திருத்தாதீர்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்று மூன்று கோப்பு சுற்றும். ஒருவர் பழையதில் திருத்துவார். கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பு, திருத்துபவர் ‘சஜஸ்டிங்’ முறையில் மட்டும் திருத்த வேண்டும். அப்போது எது மாறியது என்று எழுதியவர் கண்ணால் பார்க்கலாம். பழைய வடிவம் வேண்டுமென்றால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் கிடைக்கும்.

கட்டுரையை எழுதுவது

இணையத்தில் யாரும் சொல் சொல்லாகப் படிப்பதில்லை. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கத்தைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் கண்ணை ஓடவிட்டே பார்த்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். 2006இல் அவருடைய நிறுவனம் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, மேலே இரண்டு வரியைக் குறுக்காகவும், பிறகு இடது ஓரமாகக் கீழ்நோக்கியும் பார்வை இறங்குவது தெரிந்தது. தமிழும் இடமிருந்து வலமாகத்தான் போகிறது. ஆக, நீங்கள் எழுதுவதில் முதல் இரண்டு வரி, துணைத்தலைப்புகள், ஒவ்வொரு பத்தியின் முதல் சில சொற்கள் ஆகியவைதான் உறுதியாகப் படிக்கப்படும்.

இதிலிருந்து முதல் விதி: பதிலை முதல் பத்தியில் வையுங்கள். ‘பண்டைய காலம் முதலே நீர் மேலாண்மையில் சிறந்து விளங்கிய தமிழர்கள்’ என்று தொடங்கும் கட்டுரை எந்த ஏரிக்கும் பொருந்தும்; அதனாலேயே எதற்கும் உதவாது. இப்படித் தொடங்குங்கள்: ‘சென்னையில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பகுதி, 200 கிலோமீட்டருக்கு அப்பால் காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கும் வீராணம் ஏரியிலிருந்து வருகிறது. 2004 முதல் குழாய் வழியே இது நடக்கிறது.’ இத்தோடு ஒருவர் பக்கத்தை மூடிவிட்டாலும் அவருக்கு முக்கியமானது கிடைத்துவிட்டது. மீதியைப் படிப்பவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியும்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய சிக்கல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘எடுத்து, சுத்திகரித்து, சேமித்து, அனுப்பி’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இலக்கணம் இடம் கொடுக்கும். ஆனால் ஆறு அங்குல போன் திரையில் அந்த வாக்கியம் ஏழெட்டு வரி நீளும், யார் என்ன செய்தார் என்பது கடைசி வரியில்தான் தெரியும். 12 முதல் 15 சொல்லுக்குள் வாக்கியத்தை முடிக்கப் பாருங்கள். மூன்று எச்சத்துக்கு மேல் வந்தால் முற்றுப்புள்ளி வைத்து உடைத்துவிடுங்கள். ‘கொண்டுவரப்படுகிறது, சுத்திகரிக்கப்படுகிறது, வழங்கப்படுகிறது’ என்று ‘படுகிறது’ வரிசையாக வந்தால், செய்வது யார் என்று கேட்டு எழுவாயை எழுதுங்கள். ‘சென்னைக் குடிநீர் வாரியம் வடக்குத்தில் சுத்திகரிக்கிறது’ என்பது சுருக்கமாகவும் இருக்கிறது, தகவலும் கூடுகிறது.

துணைத்தலைப்பு 150 முதல் 200 சொல்லுக்கு ஒன்று. ‘அறிமுகம்’, ‘வரலாறு’, ‘முடிவுரை’ என்று போடாதீர்கள். ‘வடவாறு கொண்டுவரும் தண்ணீர்’, ‘வடக்குத்தில் என்ன நடக்கிறது’, ‘போரூர் வரை குழாய்’ என்று போடுங்கள். துணைத்தலைப்புகளை மட்டும் படித்தாலே தண்ணீரின் பாதை புரிய வேண்டும். அவற்றை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், எடிட்டரில் ‘ஹெடிங் 2’ என்று குறியுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தக் குறியை வைத்துத்தான் பகுதிக்குப் பகுதி தாவும்.

இணைப்புக் கொடுக்கும்போது ‘இங்கே சொடுக்கவும்’ என்பதில் இணைக்காதீர்கள். எங்கே போகும் என்று சொல்லும் சொற்களில் இணையுங்கள்: ‘குடிநீர் வாரியத்தின் ஏரி நிலவரப் பட்டியல்’ என்பது போல.

தமிழ் எழுத்தில் வரும் கோளாறுகள்

இந்தப் பகுதியை அலட்சியம் செய்யும் குழு கடைசி நாள் இரவில் அழும். டிடிபி கடையிலோ பழைய கணினியிலோ பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பை இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். அது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்த எழுத்துரு, அவ்வளவுதான். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு முழுவதும் ஒரு முறை படியுங்கள். நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று நினைத்து மாற்றியிருக்கும். புதிதாகத் தட்டச்சு பழகுபவர்கள் 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் பின்னால் வேகம் கிடைக்கும். ஒலிபெயர்ப்பு முறை இப்போதைக்குப் போதும் என்றால் அதுவும் தவறில்லை.

பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழுவது சகஜம். திருத்திக்கொண்டிருப்பதைவிட அந்த வரிகளைப் புதிதாக அடிப்பதே வேகம்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு: ‘கௌ’. சிலர் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுவார்கள். திரையில் ‘கெள’ என்று ஏறக்குறைய அப்படியே தெரியும். ஆனால் கணினிக்கு அது வேறு சொல். ‘கௌதமன்’ என்று தேடினால் ‘கெளதமன்’ கிடைக்காது. ‘ஔவை’யை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிப்பதும் இதே கதை. முடித்ததும் ‘கெள’, ‘ஒள’ என்று தேடி, வருகிறவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொத்தமாக மாற்றக் கூடாது. ‘ஒளி’ என்ற சொல் ‘ஔி’ ஆகிவிடும்.

தோற்றத்தில் மூன்று விஷயம். தமிழில் சாய்வெழுத்து அழகாக இராது. அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து போதும். இருபுறமும் சமன் செய்தால் நம் நீளமான சொற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.6 முதல் 1.8 மடங்கு இருக்கட்டும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் இடைவெளியில் நம் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் முட்டிக்கொள்ளும்.

படமும் முகவரியும்

கூகுள் தேடலில் கிடைக்கும் படம் யாருடையதோ. விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர், எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமம் என்று எழுதுங்கள். போனில் எடுத்த படம் சில மெகாபைட் இருக்கும்; அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து, 200 கிலோபைட்டுக்குள் கொண்டுவாருங்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் ‘படம் 1’ என்று எழுதாமல், ‘கீழணையிலிருந்து போரூர் வரை தண்ணீர் போகும் பாதையின் வரைபடம்’ என்று எழுதுங்கள்.

பக்க முகவரியில் தமிழ்க் கட்டுரைகள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். உள்ளே ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக நீளும், 200ஐத் தாண்டினால் வெட்டிவிடும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வாலாகத் தெரியும். பிளாகரில் முழுத் தமிழ்த் தலைப்பு என்றால் முகவரி எந்தப் பொருளும் இல்லாத பொதுப் பெயராக விழும். இரண்டிலும் வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொண்ட முகவரியைக் கையால் எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பகிர்ந்த இணைப்புகள் உடைந்துபோகக்கூடும்.

கட்டுரையை மூடிவிட்டு ஸ்லைடைத் திறங்கள்

ஸ்லைடு செய்பவர் கட்டுரைக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. தகவல் தாளும் அந்தச் சில வாக்கியப் பதிலும் மட்டும் போதும். கட்டுரை கண் முன்னால் இருந்தால் கை தானாக நகலெடுக்கும்.

15 நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து ஸ்லைடு. ஒரு ஸ்லைடில் ஒரு செய்தி. எழுத்தளவு 32க்குக் குறையாமல். ஆறு வரிக்கு மேல் போனால் இரண்டாக உடையுங்கள். மடிக்கணினியில் ஸ்லைடை முழுத்திரையில் வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். படிக்கக் கஷ்டமாக இருந்தால் கடைசி பெஞ்சுக்கு நிச்சயம் தெரியாது. நீலப் பின்னணியில் கறுப்பு எழுத்து, மஞ்சளில் வெள்ளை எழுத்து எல்லாம் வேண்டாம். மடிக்கணினியில் தெரிவதும் ஜன்னல் திறந்த வகுப்பறையில் பழைய புரொஜெக்டரில் தெரிவதும் வேறு வேறு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துக்கு இணையாக எதுவும் இல்லை.

ஸ்லைடின் தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும். ‘நீர் ஆதாரம்’ என்றால் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘வடவாறுதான் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது’ என்றால், நடுவில் கவனம் சிதறியவரும் ஸ்லைடைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்.

இந்தத் தலைப்புக்கு எங்கள் பரிந்துரை ஒரே வரைபடம்தான். கீழணை, வடவாறு, ஏரி, சேத்தியாத்தோப்பு, வடக்குத்து, காடாம்புலியூர், போரூர் என்று ஏழு புள்ளி வைத்து நீங்களே ஒரு கோட்டு வரைபடம் வரையுங்கள். அதையே நான்கைந்து ஸ்லைடில் திரும்பத் திரும்பக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பேசும் பகுதி மட்டும் அடர் நிறத்தில், மற்றவை சாம்பல் நிறத்தில். கட்டுரையில் ஒரே படத்தை ஐந்து முறை போட்டால் அலுப்பு. வகுப்பிலோ அது கேட்பவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும், எங்கே இருக்கிறோம் என்ற குழப்பமே வராது.

எண்களைக் குறைத்துவிடுங்கள். கட்டுரையில் பத்து எண் இருக்கலாம். பேச்சில் மூன்று போதும்: 2004, 18 கோடி லிட்டர், 1.465 டிஎம்சி. மீதி கேள்வி நேரத்துக்குப் பையில் இருக்கட்டும்.

பேச்சுத் தமிழும் கைமாற்றமும்

15 நிமிடம் கொடுத்தால் 13 நிமிடத்துக்குத் தயாராகுங்கள். ஏறி நிற்பது, கேபிள், ஒருவர் தடுமாறுவது எல்லாம் மீதி இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். ஆளுக்கு இரண்டரை நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 தமிழ்ச் சொல் போகும் என்று வைத்துக்கொண்டு தொடங்கி, ஒவ்வொருவரும் தன் வேகத்தைப் போனில் பதிவு செய்து அளந்துகொள்ளுங்கள்.

எழுத்துத் தமிழில் மனப்பாடம் செய்யாதீர்கள். ‘சுத்திகரிக்கப்பட்டு வழங்கப்படுகின்றது’ என்று பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்தால் முழு வாக்கியத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ‘இங்க சுத்தம் பண்ணி, அடுத்த இடத்துக்கு பம்ப் பண்றாங்க’ என்று பேசுபவர் எங்கே தடுமாறினாலும் தொடர முடியும். மேடைக்கு மரியாதை குரலிலும் தெளிவிலும் இருந்தால் போதும். அஞ்சலட்டை அளவுத் தாளில் ஐந்து குறிப்புச் சொல், தன் பகுதிக்கான எண், அடுத்தவருக்குக் கொடுக்கும் கடைசி வாக்கியம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யலாம்.

குழுப் பேச்சு குழுவாகத் தெரிவதும் தனித்தனியாகத் தெரிவதும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. ‘அடுத்து என் தோழி பேசுவார்’ என்று சொல்லி நகர்வதும், வருபவர் ‘அனைவருக்கும் வணக்கம், என் பெயர்’ என்று மறுபடி தொடங்குவதும் ஐந்து முறை நடந்தால் ஒன்றரை நிமிடம் போய்விடும். பேச்சும் ஐந்து முறை நின்றுவிடும். பெயர்களை முதல் ஸ்லைடில் போட்டு, முதலில் பேசுபவர் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். பிறகு ஒருவர் கேள்வியோடு முடிக்க, அடுத்தவர் பதிலோடு தொடங்க வேண்டும். ‘இப்ப ஏரி நிறைஞ்சாச்சு. ஆனா இந்தத் தண்ணிய அப்படியே குடிக்க முடியாது. இதை எங்க, எப்படி சுத்தம் பண்றாங்க?’ என்று ஒருவர் நிறுத்துகிறார். அடுத்தவர் முன்னால் வந்து, ‘சேத்தியாத்தோப்புல எடுக்கிற தண்ணி முதல்ல போறது வடக்குத்துக்கு’ என்று ஆரம்பிக்கிறார். யாரும் யாரையும் அறிமுகப்படுத்தவில்லை; ஆனாலும் வகுப்பு தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்று ஒத்திகை வையுங்கள். முதலாவது உட்கார்ந்தபடி, கடிகாரத்தோடு. இரண்டாவதில் பகுதிகளை மாற்றிக்கொள்ளுங்கள்: ஒவ்வொருவரும் அடுத்தவர் பகுதியைப் பேச வேண்டும். அன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இதுதான் காப்பாற்றும். அதைவிட, மற்றவர் பகுதியில் புரியாத இடம் இங்கேதான் வெளியே வரும். மூன்றாவது, முடிந்தால் அதே அறையில், அதே புரொஜெக்டரோடு.

அன்றைக்கு

அரை மணி முன்னால் அறைக்குப் போய்விடுங்கள். புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா, விஜிஏ மட்டும்தானா என்று முந்தைய நாளே பார்த்து, தேவையான அடாப்டரைக் கையில் வையுங்கள். திரையில் ஒன்றும் வராவிட்டால் விண்டோஸ் விசையோடு ‘P’ விசையை அழுத்தி ‘டூப்ளிகேட்’டைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ் எழுத்துரு கல்லூரிக் கணினியில் இல்லாவிட்டால் வேறு எழுத்துரு வந்து உட்காரும். வரிகள் உடைந்து கடைசி வரி ஸ்லைடுக்கு வெளியே போகும். பவர்பாயிண்டில் சேமிப்பு அமைப்புகளுக்குப் போய் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும்படி தேர்ந்தெடுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியைப் பென்டிரைவிலும், இன்னொன்றை மின்னஞ்சலிலும் வையுங்கள்.

ஸ்லைடு ஓடும்போது ‘B’ விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும். எல்லோரும் உங்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் இது அருமையான கருவி. ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேரே அந்த ஸ்லைடுக்குப் போகலாம். கேள்வி நேரத்தில் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம்.

பேசாத நால்வரும் ஒரே பக்கமாக நின்று, பேசுபவரைப் பாருங்கள். போனைப் பார்ப்பதும் தங்களுக்குள் கிசுகிசுப்பதும் வகுப்பின் கண்ணில் முதலில் படும்.

கேள்வி நேரம்

முந்தைய நாள் ஐவரும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்விகளை எழுதுங்கள், பத்துப் பன்னிரண்டு வரும். கட்டாயம் வரும் ஒன்று: ‘ஏரி நிறைந்திருந்தால் சென்னைக்கு எத்தனை நாள் தண்ணீர் கொடுக்கும்?’ 18 கோடி லிட்டர் என்பது சுமார் 6.36 மில்லியன் கனஅடி. 1,465ஐ அதனால் வகுத்தால் 230 நாள். ஆனால் அப்படியே சொல்லிவிடாதீர்கள். அந்த ஏரியை நம்பிச் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனம் இருக்கிறது, வெயிலில் ஆவியாகும், அடியில் இருக்கும் தண்ணீரை முழுக்க எடுக்கவும் முடியாது. மறுபக்கம் வடவாறு வழியே தண்ணீர் வந்துகொண்டும் இருக்கும். ‘காகிதத்தில் 230 நாள், உண்மையில் பாசனத்தையும் வரத்தையும் பொறுத்தது’ என்பதே நேர்மையான பதில். எண்ணையும் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்பவரை ஆசிரியர் மேற்கொண்டு மடக்க மாட்டார்.

அந்தப் பகுதியைப் பேசியவரே பதில் சொல்லட்டும். மற்றவர் நடுவில் பாய்ந்தால் பேசியவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தமாகிவிடும். கேள்வியை ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள். பின்பெஞ்சுக்கும் கேட்கும், யோசிக்க நான்கு விநாடியும் கிடைக்கும். தெரியாததற்கு, ‘அந்த எண் எங்களிடம் இல்லை, பார்த்துச் சொல்கிறோம்’ என்று சொன்னால் போதும். சமாளித்து ஒரு எண்ணை அடித்துவிடுவதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

சொன்னபடி பாருங்கள். வகுப்பில் வந்த கேள்விகளை நேரம் பார்க்கும் ஐந்தாமவர் குறித்து வைத்திருப்பார். இரண்டு நாளுக்குள் பதில் தேடி, முதலில் தகவல் தாளில் மூலத்தோடு ஏற்றி, பிறகு கட்டுரையில் உரிய துணைத்தலைப்பின் கீழ்ச் சேருங்கள். முன்பு எழுதிய எண் தவறு என்று தெரிந்தால் ஓசைப்படாமல் மாற்றாதீர்கள். என்ன இருந்தது, என்ன ஆக்கினோம், எந்தத் தேதியில் என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி எழுதி, இணைப்பை வகுப்புக் குழுவில் மறுபடி போடுங்கள். கேள்வி கேட்டவர் அதைத் திறந்து பார்ப்பார்.